சிங்கப்பூரா, சென்னையா? செலவும் வாழ்க்கையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வரலாமா என்று யோசிப்பவர்களும், இங்கே சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாமா என்று தவிப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் படிக்கும் நாளில் மாற்று விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்; அதனால் முடிவு மாறாது.

உலகிலேயே செலவு அதிகமான நகரம் சிங்கப்பூர் என்கிறார்களே, உண்மையா?

பட்டியல்களில் உண்மை. இகனாமிஸ்ட் இதழின் ஆய்வுப் பிரிவு 2023இல் வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் சூரிக்கும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் ஹாங்காங்கை அடுத்து இரண்டாவது இடம்.

ஆனால் இந்தப் பட்டியல்கள் யாருக்காகத் தயாராகின்றன என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காகப் போடப்படும் கணக்கு இது. கார், மது, சிகரெட், தனியார் கூட்டுரிமை (காண்டோமினியம்) வீட்டு வாடகை எல்லாம் அதில் சேரும். ஈசூன் பேட்டையில் நாலறை வீட்டில் குடியிருந்து, ரயிலில் வேலைக்குப் போய், தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிச் சமைக்கும் தமிழ்க் குடும்பத்தின் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குச் சிங்கப்பூர் பட்டியல் சொல்லும் அளவுக்கு மோசமும் இல்லை, ஊரில் நினைக்கும் அளவுக்கு லாபமும் இல்லை.

மாதம் 7,000 வெள்ளி தருகிறார்கள். சென்னையில் 2 லட்சம் ரூபாய் வாங்குகிறேன். வரலாமா?

எல்லாரும் முதலில் செய்வது 7,000ஐ 65ஆல் பெருக்குவதுதான். 4 லட்சத்து 55 ஆயிரம் வருகிறது, சம்பளம் இரட்டிப்புக்கும் மேல் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பெருக்கிப் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதை. அதைச் செய்து பார்ப்போம். கணவன், மனைவி, தொடக்கப்பள்ளி வயதில் ஒரு பிள்ளை, ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார், நிபுணர், அதிகாரிகளுக்கான இ பாஸ் என்ற வேலை அட்டையில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரில் ஆண்டு வருமானம் 84,000 வெள்ளி. வருமான வரி ஏறக்குறைய 3,700 வெள்ளிதான்; குடும்பக் கழிவுகள் போக இன்னும் குறையும். மாதத்துக்கு 300 வெள்ளி என்று வைத்தால் கையில் 6,700. இதில் நாலறை வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வாடகை 3,200. மின்சாரம், தண்ணீர், இணையம், கைப்பேசி சேர்த்து 300. மளிகை, காய்கறி, வாரத்தில் இரண்டு மூன்று வேளை வெளிச்சாப்பாடு என 1,200. ரயில், பேருந்து 250. பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்தாலும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் 1,000 வெள்ளியை ஒட்டி வரும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் டிக்கெட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 150. உடுப்பு, மருந்து, வீட்டுச் சாமான், பிறந்தநாள் என்று 300. மொத்தம் 6,400. மிஞ்சுவது 300 வெள்ளி, அதாவது இருபதாயிரம் ரூபாய்கூட இல்லை.

சென்னையில் ஆண்டுக்கு 24 லட்சம். புதிய வரி முறையில் 2025-26 கணக்கின்படி வரி 2 லட்சத்து 92 ஆயிரம். மாதத்துக்கு 24,000 போனால் கையில் 1,76,000. வாடகை 30,000, பள்ளிக்கூடம் 15,000, சாப்பாடு 30,000, கார் தவணையும் பெட்ரோலும் 20,000, கரண்டும் தண்ணீரும் 6,000, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு 5,000, காப்பீடு 5,000, இதர செலவு 15,000. மொத்தம் 1,26,000. மிஞ்சுவது 50,000 ரூபாய். அதுவும் வாசலில் ஒரு கார் நிற்க.

ஆக, பிள்ளையோடு ஒற்றைச் சம்பளத்தில் வரும் குடும்பத்துக்கு 7,000 வெள்ளி என்பது சென்னையின் 2 லட்சத்தைவிடக் கீழே இறங்குவதுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேமிக்கலாம் என்று நம்பி, ஊரில் நிலையான வேலையை விட்டுவிட்டு வந்து, முதல் வருடமே சேமிப்பைக் கரைப்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம்.

இதே 7,000 வெள்ளியில் தனி ஆளாக வருபவரின் நிலைமை வேறு. அறை வாடகை 1,000, சாப்பாடு 700, மற்றதெல்லாம் சேர்த்து 600 என்றாலும் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் நிற்கும். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் மறுபடியும் கணக்கு மாறும். பிள்ளையோடு ஒற்றைச் சம்பளத்தில் வருகிறவர் 10,000 வெள்ளிக்குக் கீழே என்றால் நன்றாக யோசியுங்கள் என்பதே என் கருத்து.

நிரந்தரவாசம் கிடைத்துவிட்டால்?

அப்போது நீங்கள் வாழ்வது கிட்டத்தட்ட வேறொரு நகரத்தில். சிங்கப்பூரில் விலைவாசி எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் கையில் இருக்கும் அட்டை என்ன என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இ பாஸ்காரரும், நிரந்தரவாசியும், குடிமகனும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் கொடுக்கும் விலை வெவ்வேறு.

முதல் மாற்றம் மத்திய சேம நிதி, அதாவது ஊரில் இருக்கும் பிஎஃப் போன்ற கட்டாயச் சேமிப்பு. 55 வயதுக்கு உட்பட்டவருக்கு சம்பளத்தில் 20 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 17 விழுக்காடு போடுவார். நிரந்தரவாசம் கிடைத்த முதல் இரண்டு ஆண்டுகளில் இது படிப்படியாக உயரும், மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம். 7,000 வெள்ளியில் 1,400 பிடித்தம். கையில் வரும் பணம் குறைந்ததே என்று பலர் திடுக்கிடுகிறார்கள். ஆனால் முதலாளியின் 1,190உம் சேர்ந்து மாதம் 2,590 வெள்ளி உங்கள் பெயரில் ஏறுகிறது. அந்த நிதியின் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்கில் 4 விழுக்காடும் வட்டி. வீட்டுக் கடனைச் சாதாரணக் கணக்கிலிருந்தே அடைக்கலாம். அதாவது மாதம் வாடகையாகப் போய்க்கொண்டிருந்த பணம் சொத்தாக மாறத் தொடங்கும். பள்ளிக் கட்டணமும் வெளிநாட்டு மாணவருக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

வாடகை வீடு பிடிப்பது எங்கே சுலபம்?

சிங்கப்பூரில் முறை தெளிவாக இருக்கும், விலைதான் கடிக்கும். வீவக வீடென்றால் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். வழக்கமாக ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை வைப்புத் தொகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதை நயமாக எடுத்துச் சொல்லிக் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு வருத்தம் உண்டு. சிங்கப்பூரில் அறை தேடும்போது ‘இந்தியர்களுக்கு இல்லை’, ‘சமைக்கக் கூடாது’ என்று கேட்க நேரும். சென்னையில் சாதி, மதம், அசைவம், தனியாக வாழும் பெண் என்று வேறு வடிவத்தில் அதே கதவு அடைபடும். இரண்டுமே அவமானம்தான். இங்கே என்றால் சமையலைப் பற்றி முதல் அழைப்பிலேயே தெளிவாகப் பேசி, ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிவிடுங்கள். தாளிப்பு வாசனையால் வரும் சண்டையில் பாதி இல்லாமல் போகும்.

வீடு வாங்குவதென்றால்?

இ பாஸில் இருப்பவர் வீவக வீடு வாங்க முடியாது. கூட்டுரிமை வீடு வாங்கலாம், ஆனால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. அது வாங்காதே என்று சொல்வதற்குச் சமம்.

நிரந்தரவாசிக் குடும்பம் மூன்று ஆண்டு ஆனபின் மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம், முதல் வீட்டுக்கு 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரியோடு. இங்கே நம்மவர்களுக்கு இரண்டு தடைகள். ஒன்று, 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. இந்தியர்களுக்கும், சீனரோ மலாய்க்காரரோ அல்லாத மற்றவர்களுக்குமான ஒதுக்கீடு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் அந்த புளோக்கில் அதே பிரிவினர் விற்கும் வீட்டைத்தான் நீங்கள் வாங்க முடியும். அதற்கு மேல் மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கெனத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. மனம் பிடித்த வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன் வீவக தளத்தில் அந்த முகவரிக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஏமாற்றம் தவிரும்.

இரண்டாவது தடையைப் பலர் அறிவதில்லை. சென்னையில் உங்கள் பெயரில் வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ இருந்தால், நிரந்தரவாசியாக வீவக வீடு வாங்க அதைக் கைமாற்ற வேண்டியிருக்கும். அப்பா கட்டிய வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறாரென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சென்னையில் வாங்குவதென்றால் முத்திரை வரி 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காட்டை விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு விவசாய நிலம் வாங்க அனுமதி இல்லை. அப்புறம், பத்திரத்தைப் பார்ப்பது போலவே மழைக்காலத்தில் அந்தத் தெருவையும் பாருங்கள். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. ஏரியாக இருந்த இடத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும்.

சிங்கப்பூரில் கார் வாங்கலாமா?

வேண்டாம். பத்து ஆண்டுக்கு மட்டும் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழின் விலையே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. கார் விலை அதற்கப்புறம்தான். கைக்குழந்தையோ நடக்க முடியாத பெரியவரோ வீட்டில் இருந்தால் வாடகைக் கார் செலவை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே பல மடங்கு குறைவு.

போக்குவரத்தில் எது மேல்?

சிங்கப்பூர், சந்தேகமில்லாமல். பணத்தைவிட இங்கே நமக்குக் கிடைக்கும் பெரிய சொத்து நம்பி வெளியே கிளம்ப முடிவதுதான். எட்டரை மணிக்கு அலுவலகம் என்றால் எட்டு மணிக்குக் கிளம்பலாம், மழை பெய்தாலும். நடைபாதை உண்டு, கூரை உண்டு, சக்கர நாற்காலிக்கு மின்தூக்கி உண்டு. வயதானவர்கள் தனியாகப் பேருந்தில் ஏறி கோயிலுக்குப் போய் வருகிறார்கள். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள்.

சென்னை மாறிக்கொண்டிருக்கிறது. 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய மெட்ரோ இப்போது விமான நிலையத்தையும் விம்கோ நகரையும் தொடுகிறது. மாதவரத்திலிருந்து ஓஎம்ஆர் வழியாகச் சிறுசேரி போகும் பாதை உட்பட இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கின்றன. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் கையில் மாதம் கணிசமான பணம் நிற்க வைத்த திட்டம் அது. சிங்கப்பூரில்கூட அப்படி ஒன்று கிடையாது. ஆனால் மெட்ரோ நிலையத்திலிருந்து வீடுவரை நடப்பது இன்னும் பள்ளத்தையும் வண்டியையும் பார்த்துப் பார்த்து நடப்பதுதான். வீட்டையும் வேலையையும் ஒரே மெட்ரோ தடத்தில் அமைத்துக்கொள்ள முடிந்தவருக்குச் சென்னை இன்று மிக நல்ல ஊர்.

சாப்பாட்டுச் செலவு?

நினைப்பதைவிடக் குறைவு, உணவங்காடியில் சாப்பிடுகிறவராக இருந்தால். 5 வெள்ளி சுற்றி ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். தேக்கா நிலையத்தில் தோசையோ பிரியாணியோ, நம் நாக்குக்குப் பஞ்சமில்லை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பொருள் சேவை வரி 9 விழுக்காடும் பல இடங்களில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேரும். முருங்கைக்காய், வாழைப்பூ, கீரை எல்லாம் கிடைக்கும், இறக்குமதி விலையில். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு மீனும் கோழியும் கட்டுப்படியாகும். பால், தயிர், நல்ல காய்கறிதான் பையைக் காலி செய்யும்.

சென்னையின் தெருமுனை மெஸ்ஸோடு எந்த ஊரும் போட்டி போட முடியாது. அதை நான் விவாதிக்கவே மாட்டேன்.

தண்ணீர், கரண்ட்?

சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். சென்னையில் குடிக்கக் கேன் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், மோட்டார், வடிகட்டி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஒரு சின்ன மாநகராட்சியை நடத்துகிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் பூண்டியும் செங்குன்றமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. நெம்மேலி, மீஞ்சூர் கடல்நீர் ஆலைகளால் நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், வீடு பார்க்கும்போது முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

மின்கட்டணம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சிங்கப்பூரில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு; இரவெல்லாம் ஏசி போடும் வீட்டில் பில் சீக்கிரம் ஏறும்.

பிள்ளைகளின் படிப்பு?

அரசாங்கப் பள்ளிகளின் தரம் சிங்கப்பூரின் பெரிய பலம். எந்தப் பேட்டையில் இருந்தாலும் பக்கத்துப் பள்ளியில் நல்ல ஆசிரியர், நல்ல ஆய்வகம், நல்ல விளையாட்டுத் திடல் இருக்கும். சென்னையில் அதே வசதியைத் தனியார் பள்ளியில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஆனால் இ பாஸ் குடும்பங்களுக்கு இடம் உறுதியில்லை. தொடக்கநிலை ஒன்றில் (முதல் வகுப்பில்) வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டமான மூன்றாம் கட்டத்தில்தான் பதிவு. அதற்கு மேல் வகுப்பில் சேர வேண்டுமென்றால் ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு. அது கைகொடுக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி அல்லது அனைத்துலகப் பள்ளி, அரசாங்கப் பள்ளியைவிடக் கூடுதல் செலவில். இதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் விசாரியுங்கள்.

அழுத்தமும் உண்டு. ஆறாம் வகுப்பு முடிவில் பிஎஸ்எல்இ என்ற தேர்வு 12 வயதுப் பிள்ளையின் உயர்நிலைப் பள்ளியை முடிவு செய்கிறது. நாலாம் வகுப்பிலிருந்தே டியூஷன் ஆரம்பித்துவிடும். சென்னையில் அந்தப் பாரம் பன்னிரண்டாம் வகுப்பிலும் நீட், ஜேஇஇ தேர்வுகளிலும் வந்து விழுகிறது. எந்த வயதில் உங்கள் பிள்ளை அதைத் தாங்கும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

தமிழ் மறந்துவிடுமா?

இது எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது, பிஎஸ்எல்இயில் நான்கு பாடங்களில் அதுவும் ஒன்று. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது, ஒலி 96.8 வானொலி பேசுகிறது, வசந்தம் தொலைக்காட்சி இருக்கிறது, நூலகங்களில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது, ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கிறது. சென்னையில் தமிழை இரண்டாம் மொழியாகக்கூட எடுக்காமல் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் இருக்க, இங்கே பத்தாண்டு முறையாகத் தமிழ் படிக்கிறார்கள்.

இருந்தும் வீட்டில் ஆங்கிலம் பேசினால் தமிழ் தேர்வுப் பாடமாக மட்டுமே நிற்கும். தெருவில், கடையில், விளையாட்டில் தமிழ் கேட்காது. சென்னையில் அது காற்றில் இருக்கிறது. இங்கே அம்மாவும் அப்பாவும்தான் அந்தக் காற்று. சாப்பாட்டு மேசையில் தமிழ் என்று ஒரு விதி வைத்துக்கொண்ட வீடுகளில் பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள்.

மகனுக்கு நிரந்தரவாசம் எடுத்தால் தேசிய சேவை (கட்டாயப் படைப் பணி) உண்டா?

உண்டு. பெற்றோர் மூலம் நிரந்தரவாசியாகும் ஆண்பிள்ளை பதினாறரை வயதில் பதிந்து, 18 வயதுக்குமேல் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை செய்ய வேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். இரண்டு ஆண்டு வீண் என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. இங்கே வளர்ந்த பையன்களுக்கு வாழ்நாள் நட்பு அங்கேதான் அமைகிறது. ஆனால் பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்து விண்ணப்பம் போடும்போதே வீட்டில் மனம்விட்டுப் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

உடம்புக்கு முடியாமல் போனால்?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு, பலதுறை மருந்தகத்தில் சலுகை எல்லாம் உண்டு. குடிமகனுக்குச் சலுகை அதிகம். வெளிநாட்டவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இ பாஸுக்குக் கீழ்நிலை அட்டைகளான எஸ் பாஸ், வேலை அனுமதி வைத்திருக்கும் ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. இ பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்பீடு தருகிறார்களா என்று கேளுங்கள், தராவிட்டால் நீங்களே வாங்குங்கள். ஒரு அறுவை சிகிச்சை இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுபோகும்.

சென்னையில் நிபுணர் மருத்துவரை அன்றைக்கே பார்த்துவிடலாம், சில நூறு ரூபாயில். பல்லும் கண்ணும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளும் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஏராளம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஏழைகளுக்குப் பணமே இல்லாமல் பெரிய சிகிச்சைகள் நடக்கின்றன. கூட்டம்தான் அங்கே கஷ்டம்.

மனைவி வேலைக்குப் போக முடியுமா?

6,000 வெள்ளிச் சம்பளம் இருந்தால் மனைவியையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்து வரலாம். ஆனால் 2021 மே முதல், அந்த அட்டை வைத்திருப்பவர் வேலைக்குப் போகத் தனக்கென்று வேலை அட்டை பெற வேண்டும். படித்து, பத்து வருடம் உழைத்த பெண்கள் இங்கே வந்து வீட்டில் உட்கார்ந்து மனம் சோர்ந்துபோவதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கணவருக்கு வந்த வாய்ப்பைக் கணக்கிடும்போது மனைவி விட்டுவரும் சம்பளத்தையும் பணி அனுபவத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் அவரும் சென்னையிலிருந்தே இங்கே வேலை தேடத் தொடங்கட்டும்.

பாதுகாப்பு?

இரவு பதினொரு மணிக்குப் பெண் தனியாக நடந்து வீட்டுக்கு வரலாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் திரும்பிப் போகாததற்கு முதல் காரணம் இதுதான்.

அப்பா அம்மாவை என்ன செய்வது?

கடினமான கேள்வி. இ பாஸில் இருப்பவர் பெற்றோரை நீண்டகாலம் கூட வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும். அந்தச் சம்பளம் இருந்தாலும் அவர்கள் வரவேண்டும். பன்னிரண்டாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, பேச ஆளில்லாமல், மகனும் மருமகளும் மாலை ஏழு மணிக்கு வரும்வரை காத்திருப்பது அவர்களுக்கு வாழ்க்கையாகத் தெரிவதில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

விமானத்தில் நாலு மணி நேரம்தான் தூரம். ஆனாலும் அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால், பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் ஓட வேண்டும். செலவுக் கணக்கில் இதற்கு ஒரு வரி எழுதச் சொல்வேன்: அவசர டிக்கெட்டுக்கு எப்போதும் தனியாகப் பணம், ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை, பெற்றோர் பெயரில் மருத்துவக் காப்பீடு. பணம் அனுப்புவது இப்போது சுலபம். 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்தபின் கைப்பேசியிலேயே நொடியில் போய்விடுகிறது. மற்றதற்கு நாம் நேரில்தான் போக வேண்டும். பெற்றோருக்கு 75 வயது நெருங்கும்போது திரும்பிப் போவதைப் பற்றி யோசிப்பவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சம்பளம் குறைந்தாலும் அது நல்ல முடிவு.

திருவிழா, கோயில், கச்சேரி எல்லாம்?

தீபாவளிக்குப் பொது விடுமுறை, பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இல்லை. இருந்தும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி போகும் காட்சியைப் பார்த்தவர்கள் இதை அயலூர் என்று சொல்ல மாட்டார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827 முதல் இருக்கும் மாரியம்மன் கோயிலில் தீமிதி. மார்கழிக் கச்சேரியும் ஜனவரிப் புத்தகக் கண்காட்சியும் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில் வருவதால் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

சரி, திரும்பிப் போவதென்று முடிவெடுத்துவிட்டோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பள்ளி. சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, சென்னையில் ஜூனில். இங்கே தொடக்கநிலை ஒன்றுக்கு ஏழு வயது ஆகும் ஆண்டில்தான் சேர்ப்பார்கள் என்பதால், அங்கே வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தால் பிள்ளை சில மாதப் பாடத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் வகுப்புக்குள் போய்விட்டால் எளிதாக ஒட்டிக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மாற்றுவது பிள்ளைக்குச் சிரமம்.

அடுத்தது வரி. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது வரிக் கணக்கு முடியும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார். ஆகவே கடைசி மாதத்துக்கு அந்தச் சம்பளத்தை நம்பாமல் கையில் பணம் வைத்திருங்கள். நிரந்தரவாசத்தைத் துறந்து நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர் மத்திய சேம நிதிப் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். துறந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் ஓராண்டு மறுநுழைவு அனுமதி (வெளிநாட்டில் இருக்கும்போது நிரந்தரவாசத்தைக் காக்கும் அனுமதி) செல்லுபடியாகும்படி வைத்துக்கொண்டு சென்னையில் வாழ்ந்து பார்த்து, மனம் ஒன்றியபின் துறப்பது நல்லது. ஊரில் இருக்கும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியிடம் தெரிவியுங்கள்.

வீட்டைச் சென்னையில் உடனே வாங்காதீர்கள். ஓராண்டு வாடகைக்கு இருங்கள், ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பாருங்கள். வேலை எங்கே, பள்ளி எங்கே, பெற்றோர் வீடு எங்கே என்று மூன்றையும் வரைபடத்தில் குறித்து, மூன்றுக்கும் அரைமணி நேரத்தில் போகக்கூடிய இடமாகத் தேடுங்கள். அப்படி ஒரு இடம் கிடைத்தால் வாடகை ஐயாயிரம் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.